எவரெஸ்ட்டில் இருந்து இறங்கி நெய்யூருக்கு வந்த டாக்டர்

மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் என்றால் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இன்றைக்கும் நாக்கில் எச்சில் ஊறும். நூறு வருடங்களுக்கு முன்பு கதை வேறு. அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அரிசி வாங்க முடியாத வீடுகளில் மரச்சீனிதான் சாப்பாடே. அந்த வீடுகளில் பலருக்குத் தீராத வயிற்று வலியும் இருந்தது.

வலி பொறுக்க முடியாதவர்கள் தேடிப்போன இடம் இரணியல் பக்கத்தில் இருக்கும் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே அவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர், எவரெஸ்ட்டில் சுமார் 28,000 அடி வரை ஏறியவர். பெயர் தியோடர் ஹோவர்டு சாமர்வெல்.

1890-ல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தார். குடும்பத்துக்கு ஷூ தொழிற்சாலை இருந்தது. படித்தது கேம்பிரிட்ஜில், பிறகு லண்டனில் மருத்துவம். படம் வரைவார், இசையும் தெரியும். கவலையில்லாமல் வாழ்ந்திருக்க வேண்டிய பையன் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

முதல் உலகப் போர் அதை மாற்றியது. 1916-ல் பிரான்ஸின் சோம் போர்க்களத்துக்குப் பின்னால் இருந்த மருத்துவ முகாமில் அவர் ராணுவ சர்ஜன். காயம்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் வெட்டவெளியில் கிடந்தார்கள். சர்ஜன்களோ சிலர்தான். யாரை முதலில் மேஜைக்கு எடுப்பது, யாரை விடுவது என்று நடந்துகொண்டே முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் 'என்னை முதலில் பாருங்கள்' என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதை அவர் பிற்பாடு எழுதியிருக்கிறார். அதன்பிறகு போர் என்ற பேச்சே அவருக்கு ஆகாது.

1922-ல் எவரெஸ்ட் குழுவில் இடம் கிடைத்தது. மே மாதம் மல்லோரி, நார்ட்டன் ஆகியோரோடு ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் 26,985 அடி வரை போனார். அதுவரை மனிதர் யாரும் கால் வைக்காத உயரம். ஆனால் ஜூன் 7-ம் தேதி நடந்த அடுத்த முயற்சியில் பனிச்சரிவு வந்து, சுமை தூக்கிய ஏழு ஷெர்பாக்களை வாரிக்கொண்டு போனது. வெள்ளைக்காரர்கள் எல்லோரும் தப்பிவிட்டார்கள். தங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்று சாமர்வெல் தவித்தார். அந்தக் குழுவினருக்கு 1924 குளிர்கால ஒலிம்பிக்ஸில் மலையேற்றத்துக்கான பதக்கம் கொடுத்தார்கள். மலை ஏறியதற்கு ஒலிம்பிக் பதக்கமா என்று கேட்காதீர்கள், அப்போது அதுவும் உண்டு!

ஒரே ஒரு சர்ஜன்

ஊர் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பியவர், தெற்கே நெய்யூர் வரை வந்தார். 1838-ல் லண்டன் மிஷனின் டாக்டர் ராம்சே அங்கே தொடங்கிய மருத்துவப் பணி அதற்குள் பெரிதாக வளர்ந்திருந்தது. ஆனால் அத்தனை நோயாளிகளுக்கும் அப்போது இருந்த சர்ஜன் டாக்டர் பியூ ஒருவர்தான். உதவிக்கு வரவேண்டியவர் வரவில்லை. சில நாள் கூட நின்று ஆபரேஷன் செய்து பார்த்தார் சாமர்வெல். சோம் போர்க்களத்தில் பார்த்த அதே வரிசையை இங்கே போர் இல்லாமலேயே பார்த்தார்.

லண்டனில் அவர் படித்த ஆஸ்பத்திரியிலேயே நல்ல பதவி காத்திருந்தது. வேண்டாம் என்றுவிட்டு 1923-ல் நெய்யூரில் வேலைக்குச் சேர்ந்தார்.

அடுத்த வருடமே எவரெஸ்ட்டில் இருந்து மறுபடி அழைப்பு. போனார். ஜூன் 4-ம் தேதி, உச்சிக்கு ஆயிரம் அடி போல இருக்கும்போது தொண்டை அடைத்து உட்கார்ந்துவிட்டார். இறங்கும் வழியில் மூச்சே நின்றுபோகும் நிலை. மார்பை இரண்டு கையாலும் அழுத்தி இருமியதில், பனியில் கருகிய தொண்டைச் சவ்வு பிய்ந்து வெளியே வந்து விழுந்தது. பிழைத்தார். நான்கு நாள் கழித்து மேலே போன மல்லோரியும் இர்வினும் திரும்பவில்லை. மல்லோரி கையில் இருந்தது சாமர்வெல் கொடுத்த கேமரா. அது இன்னும் கிடைக்கவில்லை.

உலகம் அவரைப் பேசுவது இதுவரைக்கும்தான். நெய்யூரில் அவர் செய்த வேலையோ அதற்குப் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் நடந்தது.

வயிற்றுப் புண்ணும் வெற்றிலையும்

முன்சிறுகுடலில் வரும் புண் தெற்குத் திருவிதாங்கூரில் மட்டும் ஏன் இவ்வளவு அதிகம் என்ற கேள்வி அவரை விடவில்லை. சத்துக் குறைந்த மரச்சீனிச் சாப்பாட்டின் மேல் சந்தேகம் விழுந்தது. அதே காலத்தில் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெக்காரிசன், திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் வயிற்றில் புண் வந்தது.

சாமர்வெல் செய்த அறுவை சிகிச்சையை எளிதாகச் சொன்னால், புண் இருக்கும் இடத்தைச் சுற்றிப்போகும் ஒரு 'பைபாஸ் ரோடு'. இரைப்பையை நேராகச் சிறுகுடலின் அடுத்த பகுதியோடு இணைத்துவிடுவார். இப்படி ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்தார். சக டாக்டர் ஆருடன் சேர்ந்து அந்த அனுபவத்தை 1936-ல் பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை இதழில் எழுதினார். ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியின் கணக்கை மேல்நாட்டு சர்ஜன்கள் படித்துப் பாடம் கற்றார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

இந்த ஆர்தான், வெற்றிலையோடு புகையிலை மெல்லுபவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோய் பற்றி 1933-லேயே எழுதியவர். வாய்ப் புற்றுக்கு ரேடியம் சிகிச்சையும் நெய்யூரில் நடந்தது. 90 வருடம் கழித்தும் புகையிலையை வாயில் அடக்கும் பழக்கம் நம்மிடம் போகவில்லை.

நெய்யூரைச் சுற்றி இருந்த கிளை ஆஸ்பத்திரிகளுக்கும் காரில் போய் ஆபரேஷன் செய்வார். 1925-ல் மார்கரெட்டைத் திருமணம் செய்தார், மூன்று மகன்கள். நெய்யூரை விட்ட பிறகும் ஓய்வெடுக்கவில்லை. 1949 முதல் 1961 வரை வேலூர் சி.எம்.சி-யில் அறுவை சிகிச்சை சொல்லிக்கொடுத்தார். இங்கிலாந்து திரும்பியதும் மலையேறுபவர்களின் ஆல்பைன் கிளப் அவரைத் தலைவராக்கியது. 1975-ல் காலமானார்.

முன்சிறுகுடல் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு பாக்டீரியா என்று ஆஸ்திரேலிய டாக்டர்கள் இருவர் கண்டுபிடித்தது 1980-களில்தான். அதற்கு 2005-ல் நோபல் பரிசும் கிடைத்தது. இப்போது பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வார மாத்திரையே போதும், கத்தி வேண்டாம். நெய்யூர் ஆஸ்பத்திரி சி.எஸ்.ஐ. நிர்வாகத்தில் தொடர்ந்து நடக்கிறது. எல்லை தாண்டி கேரளத்தின் காரக்கோணத்தில் உள்ள சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி சாமர்வெல்லின் பெயரைத் தாங்கி நிற்கிறது.