ஜெபமாலையும் மூச்சும்

இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழு 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்லவைத்து அளந்து பார்த்தது. ‘ஓம் மணி பத்மே’ என்ற பௌத்த மந்திரத்தையும் சொல்லவைத்தது. 2001-ல் வெளியான முடிவு: நிமிடத்துக்குச் சுமார் 14 தடவை ஓடும் மூச்சு, இரண்டிலுமே ஆறுக்கு அருகில் இறங்கியது. ரத்த அழுத்தத்துக்கேற்ப இதயத்துடிப்பை மூளைத்தண்டு வழியே சரிசெய்யும் அனிச்சைச் செயலும் கூர்மையானது. மரியன்னையை அழைத்தாலும் போதிசத்துவரை அழைத்தாலும் உடம்பு ஒரே பதிலைத் தந்திருக்கிறது. எனக்கு இது பக்தியின் பெருமையாகவே படுகிறது. பாட்டிமார் ஒரு மணியை விரலால் பிடித்து, ஒரே மூச்சில் ஜெபத்தைச் சொல்லி, அடுத்த மணியைத் தொடுமுன் நிதானமாக மூச்சிழுப்பதைக் கவனியுங்கள். மருந்து அந்த நிதானத்தில் இருக்கிறது. அவசரமாக முணுமுணுத்தால் கிடைக்காது.

பிறர் நமக்காகச் செய்யும் பிரார்த்தனை வேறு விஷயம். 2006-ல் ஹெர்பர்ட் பென்சன் குழு 1,802 பைபாஸ் நோயாளிகளிடம் சோதித்தபோது, முகமறியாதவர்களின் வேண்டுதல் சிக்கல்களைக் குறைக்கவில்லை. பிறருக்காக வேண்டுங்கள், அது அன்பு. ஆனால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபித்தால் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டே ஜெபியுங்கள்.