கற்ற வித்தைக்குப் பூட்டு எதற்கு?

கன்னிப்பூ அறுப்பு முடிந்த சமயம். கொட்டாரத்தில் ஒரு சாயாக்கடை வாசலில் விவசாயத் தொழிலாளர் சிலருடன் நாம் பேசிக் கொண்டிருந்தோம். பள்ளிப் பிள்ளைகள் கூடிச் சிறு ரோபோக்களைச் செய்வது பற்றியும், பல பள்ளிப் பிள்ளைகள் ஓரிடத்தில் மகாநாடாகக் கூடித் தாங்கள் கற்றதை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுப்பது பற்றியும் பேச்சு வந்தது. அத்தகைய மகாநாடு ஒன்று நமது கொட்டாரத்திலும் கூட வேண்டும் என்றோம். நாற்று நட்டே தலை நரைத்துவிட்ட ஓர் அம்மாள் குறுக்கிட்டார்.

"தம்பி, அறுப்பு மிஷின் வந்து எங்க கூலியக் கொண்டு போச்சு. வயலு நெறைய ஆளு நின்னு அறுத்தத ஒத்த ஆளு ஓட்டி முடிச்சிட்டுப் போறான். இப்ப நம்ம பிள்ளையளே மிஷின் செய்யப் படிக்கணும்னு சொல்லுதிய. நம்ம கழுத்துக்கு நாமளே கயிறு திரிக்கணுமா?"

சிரித்துத் தள்ளிவிடக் கூடிய கேள்வியல்ல இது. ரிங் பிரேம் பார்க்கும் மில் தொழிலாளியும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார். டாஃபர் செய்த வேலையை இன்று யந்திரமே செய்கிறது. ஆகவே, மகாநாட்டைப் பற்றிப் பேசுமுன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ரோபோ என்ற சொல்லின் பொருள்

ரோபோ என்ற சொல் ஒரு நாடகத்தில் பிறந்தது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-ல் வெளியிட்ட நாடகம் அது. மனிதனுக்குப் பதிலாக உழைப்பதற்கென்று ஓர் ஆலையில் செய்யப்பட்ட கூட்டத்துக்கு அவர் இட்ட பெயர் ரோபோ. செக் மொழியில் 'ரோபாட்டா' என்றால், குடியானவன் தன் நிலப்பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய வேலை.

நாஞ்சில் நாட்டு மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. திருவிதாங்கூர் மன்னராட்சியில் நமது முன்னோர் இதற்கு 'ஊழியம்' என்று பெயர் சொன்னார்கள். இந்த மண்ணில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855-ல்தான்.

ஆக, ரோபோ என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு கேள்வி இருக்கிறது: ஊழியத்தை யந்திரத்தின் தலையில் ஏற்றிவிட்டால் மனிதனுக்கு ஓய்வு கிடைக்குமா, பட்டினி கிடைக்குமா? யந்திரம் யார் கையில் இருக்கிறது, அதன் சூட்சுமம் யாருக்குத் தெரியும் என்பதைப் பொறுத்தது அது.

சாக்கடைக் குழியும் யந்திரமும்

2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் விஷவாயுவில் சிக்கினார்கள். காப்பாற்ற இறங்கிய ஆட்டோ டிரைவர் ஒருவரும் அவர்களோடு மாண்டார். இதைக் கண்ட இளம் என்ஜினீயர்கள் சிலர், ஒரே கல்லூரியில் படித்தவர்கள், குழிக்குள் இறங்கித் துப்புரவு செய்யும் 'பேண்டிகூட்' என்ற யந்திரத்தைச் செய்தார்கள். 2018-ல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. அதை மேலிருந்து இயக்கும் பயிற்சி துப்புரவுத் தொழிலாளருக்கே கொடுக்கப்பட்டது.

பாதுகாப்புக் கருவிகள் இன்றி மனிதனைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ன் சட்டம் தடை செய்கிறது. ஆயினும் குழிக்குள் சாவு நிற்கவில்லை. அந்த ஊழியத்தை யந்திரம் எடுத்துக் கொண்டால் யார் வருந்துவார்கள்? இறங்கியவனே மேலே நின்று யந்திரத்தை இயக்கினால் வேலையும் போகவில்லை, உயிரும் போகவில்லை.

அறுப்பு மிஷின் விஷயத்தில் நடந்தது வேறு. மிஷின் எங்கிருந்தோ வாடகைக்கு வந்தது. மீந்த செலவு வேறொருவர் மடியில் விழுந்தது. அதை ஓட்டவோ பழுது பார்க்கவோ கூலிக்காரர் எவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. யந்திரம் வயலுக்கு வந்தது, அறிவு வரவில்லை.

1960-களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. கம்ப்யூட்டரைக் கொண்டு வர முயன்றபோது இன்சூரன்ஸ் ஊழியர்கள் இலாகோ கட்டட வாசலில் காவல் நின்று மறித்தார்கள். வேலையைக் காக்க நடந்த அந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் பின்னர் கம்ப்யூட்டர் எல்லா இடத்துக்கும் வந்தது. வேலையைக் காப்பது ஒரு கை என்றால், யந்திரத்தைக் கற்பது மறு கை. ஒரு கையால் மட்டும் துடுப்புப் போட்டால் வள்ளம் சுற்றிச் சுற்றித்தான் வரும்.

பிள்ளைகள் கூடி என்ன செய்கிறார்கள்?

பிள்ளைகள் செய்யும் ரோபோவுக்கு மூன்று உறுப்புகள். ஒளியையோ தூரத்தையோ அறியும் சிறு கருவி அதன் கண். உள்ளங்கையில் அடங்கும் மின்பலகை அதன் மூளை. சிறு மோட்டார் அதன் கை. கண் கண்டதற்குக் கை என்ன செய்ய வேண்டும் என்று மூளைக்கு எழுதிக் கொடுப்பதே வித்தை. இருட்டியதும் தானே எரியும் தெருவிளக்குதான் பெரும்பாலும் முதல் பாடம்.

அமெரிக்காவில் 1989-ல் 'ஃபர்ஸ்ட்' என்ற ஸ்தாபனம் தோன்றி, 1992 முதல் பள்ளி மாணவர்களுக்கு ரோபோப் போட்டி நடத்தி வருகிறது. அதன் விதி ஒன்று கவனிக்கத் தக்கது. ஓர் ஆட்டத்தில் மூன்று அணிகள் சேர்ந்து மூன்று அணிகளை எதிர்க்கின்றன. அடுத்த ஆட்டத்தில் கூட்டு மாறிவிடும். இப்போது எதிரே நிற்பவன் சற்று நேரத்தில் பக்கத்தில் நிற்பான். அவனுடைய யந்திரம் பழுதாகிக் கிடந்தால் அது நாளை நமக்கும் நஷ்டம். ஆகவே, எதிரணிக்குத் திருகாணி கொடுப்பதும், பாட்டரி கொடுப்பதும், பிழை கண்டு சொல்வதும் அங்கே வழக்கமாகிவிட்டது.

2012-ஆம் ஆண்டுப் போட்டியில் மைதானத்தின் நடுவே ஏற்றப்பலகை போன்ற ஒரு பாலம் வைத்தார்கள். எதிரெதிர் அணிகளின் ரோபோக்கள் இரண்டும் அதில் ஏறிச் சமனாக நிறுத்தினால் இரு தரப்புக்கும் புள்ளி. ஒருவன் மற்றவனைத் தள்ளிவிட்டால் இருவருக்கும் இல்லை.

போட்டிக்கு வெளியே அணிகள் கூடும் மகாநாடுகளில், ஓடும்போது கழன்று போகாதபடி கம்பியை எப்படிப் பிணைப்பது, மற்ற அணிகளின் ஆட்டத்தைப் பார்த்துக் கணக்கெழுதி உத்தி வகுப்பது எப்படி, புதிதாய் வந்த பிள்ளைக்கு எதை முதலில் சொல்லித் தருவது என்று மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். தாங்கள் வரைந்த படத்தையும் எழுதிய கட்டளையையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளும்படி வெளியிடும் அணிகளும் உண்டு.

மில் தொழிலாளிக்கு இது புதிதல்ல. அறுந்த இழையை ஓட்டத்திலேயே பிணைக்கும் வித்தையை எந்தப் புத்தகத்திலிருந்து கற்றோம்? பக்கத்தில் நின்ற மூத்த சைடர் விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். தன் வேலைக்குப் போட்டியாக இவன் வருவான் என்று அவர் எண்ணியிருந்தால் நாம் ஒரு நூலையும் பிணைத்திருக்க மாட்டோம். கம்பெனிகள் வித்தைக்குக் காப்புரிமைப் பூட்டுப் போடுகின்றன. பிள்ளைகள் பூட்டைத் திறக்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்காகவே இம்மகாநாடுகளை நாம் வரவேற்கிறோம்.

வாசலில் நிற்பது யார்?

ஆனால் உள்ளே போக முடிகிறவர் யார்? ஃபர்ஸ்ட் போட்டியில் ஓர் அணியைச் சேர்க்கச் சுமார் 6,000 டாலர் கட்டணம். அதாவது ஐந்து லட்சம் ரூபாய்க்கும் மேல். சாமானும் பயணமும் தனி. பெரிய கம்பெனிகளின் நன்கொடை இருந்தால்தான் நடக்கும். வெளிப்படையாகப் பகிரும் நல்ல வழக்கம், காசு கட்டியவர்களுக்குள் மட்டும் சுற்றி வருகிறது.

காசு இருந்தாலும் வாசல் திறப்பதில்லை. 2017-ல் வாஷிங்டனில் 150-க்கும் மேற்பட்ட நாடுகளின் மாணவர் அணிகள் கூடின. ஆப்கானிஸ்தானத்தின் ஹெராத் நகரப் பெண் பிள்ளைகளுக்கு அமெரிக்கா இருமுறை விசா மறுத்தது. உலகம் முழுவதும் கண்டனம் எழுந்த பிறகே கதவு திறந்தது. துணிவுக்கான பதக்கத்தோடு ஊர் திரும்பினார்கள் அந்தப் பிள்ளைகள். 2021 ஆகஸ்டில் தாலிபான் ஆட்சி திரும்பியதும் அந்த அணியினர் பலர் தாய்நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது.

பொதுச் சொத்தாகப் பிறந்ததும் பொதுவாகவே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பிள்ளைகள் பயன்படுத்தும் 'ஆர்டுயினோ' மின்பலகை 2005-ல் இத்தாலியில் பிறந்தது. எவரும் பார்த்துச் செய்யலாம் என்று அதன் வரைபடத்தைத் திறந்தே வைத்தார்கள். அதனால்தான் ஏழைப் பள்ளிக்கூடம் வரை அது வந்து சேர்ந்தது. 2025 அக்டோபரில் அந்த ஸ்தாபனத்தை வாங்கப் போவதாக அமெரிக்காவின் க்வால்காம் கம்பெனி அறிவித்தது. வெளியான வரைபடங்கள் வெளியே இருக்கின்றன. இனி வருவது எப்படி இருக்கும் என்பதில் விழிப்பாக இருக்க வேண்டியது நாம்தான்.

களியக்காவிளைக்கு அப்பால்

வழி உண்டா? தூரம் போக வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை நாமும் அவர்களும் ஒரே ராஜ்யம். களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்தில் 2018 ஜனவரியில் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் சங்கம் தொடங்கியது. அரசுப் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளுமாக 2,000-க்கு மேல் அதில் சேர்ந்தன. பள்ளி முகாமில் நன்றாகச் செய்த பிள்ளை உபஜில்லா முகாமுக்கும், அங்கிருந்து ஜில்லா முகாமுக்கும், பிறகு ராஜ்ய முகாமுக்கும் போகிறது. போய் வந்த பிள்ளை தன் பள்ளியில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. நாம் சொல்லும் மகாநாடு இதுவேதான்.

2022 டிசம்பரில் அப்பள்ளிகளுக்கு 9,000 ரோபோச் சாமான் பெட்டிகள் வழங்கும் வேலை தொடங்கியது. 2025-ல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும், ஏறக்குறைய 4.3 லட்சம் பேருக்கு, ரோபோப் பாடம் வந்தது. அதற்கென 29,000 பெட்டிகள் ஒதுக்கப்பட்டன. அங்குள்ள பள்ளிக் கம்ப்யூட்டர்கள் கம்பெனிக்கு உரிமக் காசு கட்டாத கட்டற்ற மென்பொருளில் ஓடுகின்றன. சர்க்கார் மனம் வைத்தால் கட்டணம் இன்றி நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மத்திய சர்க்காரும் 2016 முதல் 'அடல்' ஆய்வுக்கூடம் என்று பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து, 10,000 பள்ளிகளில் திறந்தது. தனியார் பள்ளிகளும் அதில் பங்கு பெற்றன. அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 கூடங்கள் என்று 2025 பட்ஜெட் அறிவித்தது. அறிவிப்புக்குப் பிறகு, கூடத்தைத் திறந்து வைக்க ஓர் உபாத்தியாயரும் வேண்டும். பெட்டி வந்து அலமாரியில் பூட்டப்பட்டால் பயன் என்ன?

தமிழ்நாட்டிலும் அடித்தளம் இருக்கிறது. 2022 நவம்பரில் வானவில் மன்றம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோதனைகளைக் கொண்டு வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1993 முதல் குழந்தைகள் விஞ்ஞான மகாநாடுகளை ஜில்லா ஜில்லாவாகக் கூட்டிப் பழகிய ஸ்தாபனம். 10 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்க் குளத்தையும் குப்பையையும் ஆராய்ந்து, தாய்மொழியில் சபையேறிப் பேசினார்கள். அந்த மேடையில் ரோபோவையும் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

தமிழில் படித்தால் விஞ்ஞானம் வராது என்பார் உண்டு. 2018-ல் இஸ்ரோ தலைவரான சிவனும், 2025 ஜனவரியில் அப்பொறுப்பை ஏற்ற நாராயணனும் நமது குமரி மாவட்டத்துக் கிராமங்களில் பிறந்து தமிழ் வழியில் படித்தவர்கள். இவ்விருவருக்கு மட்டுமே அறிவு இருந்ததா? இல்லை. வாசல் திறந்தபோது உள்ளே போக முடிந்தது இவ்விருவருக்கு. வாசலில் நின்ற ஆயிரம் பேரின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

நாம் கேட்பது

கொட்டாரத்தில், சுற்று வட்டாரப் பள்ளிகளின் பிள்ளைகளுக்காக ஆண்டுக்கொரு ரோபோ மகாநாடு. நுழைவுக் கட்டணம் கூடாது. பஸ் செலவும் மதியச் சோறும் சர்க்கார் பொறுப்பு. பேச்சும் பாடமும் தமிழில். பாதி இடம் பெண் பிள்ளைகளுக்கு. செய்த யந்திரத்தின் படம் எல்லாப் பள்ளிக்கும் பொது. பரிசு, முதலில் வந்த அணிக்கு மட்டுமல்ல, அதிகமான பேருக்குச் சொல்லிக் கொடுத்த அணிக்கும்.

பிள்ளைகள் எதைச் செய்ய வேண்டும் என்பதையும் நாமே சொல்வோம். பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைமடைக் கால்வாயில் எத்தனை அங்குலம் ஓடுகிறது என்று இரவும் பகலும் அளந்து சொல்லும் கருவி செய்யட்டும். மேல்மடைக்காரர் மடையை அடைத்தால் அன்றே தெரிந்துவிடும். பஞ்சுத் தூசி எந்த அளவைத் தாண்டினால் நுரையீரலுக்குக் கேடு என்று மில்லில் மணியடிக்கும் கருவி செய்யட்டும்.

இதற்கு யாரிடம் போவது? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்த நாற்காலி நமக்கு உரியது. கூலி போய்விடும் என்று கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடுகிறோம். அடுத்த கூட்டத்துக்குப் போவோம். ஆய்வுக்கூடம் இருந்தால் சாவி யாரிடம் என்று கேட்போம். இல்லாவிட்டால் வேண்டுமென்று தீர்மானம் எழுதிக் கையெழுத்திடுவோம்.

சாயாக்கடை வாசலில் இவ்வளவையும் நாம் சொல்லி முடித்தபோது அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்க பேத்தி எட்டாம் கிளாஸ் படிக்கா. கூட்டம் என்னைக்கு?" என்று கேட்டார்.

தோழர்களே, தேதியைக் கேட்டுச் சொல்ல வேண்டியது நமது வேலை.