சட்டம் யாருக்குக் காவல்?

சீனத்து நகரங்கள் செழித்துவிட்டன என்கிறார்கள். உண்மை, மறுப்பார் இல்லை. 1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமான ஷென்சென், அன்று ஒரு எல்லைப்புற வட்டாரம். இன்று ஆலைகள் அடர்ந்த மாநகரம். "எம்மிடம் வா, முதல் போடு" என்று நகரோடு நகர் போட்டி போடுகிறது.

முதல் போடுகிறவன் என்ன கேட்கிறான்? நிலம் கேட்கிறான், மின்சாரம் கேட்கிறான். அவற்றோடு நீதியும் கேட்கிறான். ஒப்பந்தத்தை ஒருவன் முறித்தால் வழக்காட மன்றம் உண்டா என்கிறான். அதற்காகவே 2014-இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சௌ நகரங்களில் அறிவுச் சொத்து நீதிமன்றங்கள் எழுந்தன. உலக வங்கியின் தொழில் எளிமைப் பட்டியலில், 2018 அறிக்கையில் 78-ஆம் இடத்தில் இருந்த சீனம், 2020 அறிக்கையில் 31-க்கு ஏறியது. அளந்தது பெய்ஜிங், ஷாங்காய் எனும் இரு நகரங்களைத்தான்! 2018 அறிக்கையின் சீனக் கணக்கிலும் முறைகேடு இருந்ததாகத் தெரியவந்தபின், 2021-இல் உலக வங்கி பட்டியலையே மூட்டை கட்டிவிட்டது.

பட்டியல் போகட்டும். சட்டம் யாரைக் கட்டுகிறது? "சட்டப்படி நாட்டை ஆளுதல்" என்று 1999-இல் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். ஆனால் 2017-இல், நீதித்துறைச் சுதந்திரம் என்பது மேலைநாட்டுத் தவறான கருத்து என்று கண்டித்தவர் யார் தெரியுமா? உச்ச மக்கள் நீதிமன்றத்தின் தலைவர் சௌ சியாங்!

விளைவு என்ன? வெளி மாகாணத்துக் காவலர் வந்து, வழக்கின் பேரால் தொழில் நிறுவனங்களின் பணத்தை முடக்கினர். சீன மக்களே இதற்கு "ஆழ்கடல் மீன்பிடிப்பு" என்று பெயரிட்டனர். வேலியே பயிரை மேய்ந்தது! வணிகத் தகராறில் குற்ற வழக்கைக் கருவியாக்காதே என்று 2025-இல் தனியார் பொருளாதார ஊக்குவிப்புச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அதை மீறும் அதிகாரியை எந்த மன்றம் அஞ்சாமல் தண்டிக்கும்?

பணமும் வழக்கறிஞரும் உள்ள முதலாளிக்கே இந்தக் கதி என்றால், பாட்டாளிக்கு? 2008 முதல் எழுத்து மூலமான வேலை ஒப்பந்தத்தைச் சட்டம் வற்புறுத்துகிறது, நல்லது. ஆனால் வேலைநிறுத்த உரிமை 1982-லேயே அரசியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. 2018-இல் அதே ஷென்சென்னில், சங்கம் அமைக்க முயன்ற ஆலைத் தொழிலாளர் வேலையிழந்தனர், சிறைப்பட்டனர். துணை நின்ற மாணவரும் தப்பவில்லை. பாட்டாளியின் பெயரால் நடக்கும் ஆட்சியில் பாட்டாளிக்குக் கிடைத்த பரிசு இது!

தோழர்களே! முதலாளிக்குத் தனி மன்றம் கட்டுவதால் மட்டும் நீதி நிலைத்துவிடாது. ஆளுகிறவனையும் கட்டும் கயிறுதான் சட்டம். அந்தக் கயிற்றின் முனை ஆளுகிறவன் கையிலேயே இருக்கும்வரை, வணிகனின் பெட்டிக்கும் காவலில்லை. உழைப்பவனின் கூலிக்கும் காவலில்லை. எந்த நகரின் உயரத்தையும் அதன் மாளிகைகளைக் கொண்டு அளக்காதீர். அங்கே கடைசித் தொழிலாளி அரசை எதிர்த்து வழக்காடி, வென்று, அச்சமின்றி வீடு திரும்ப முடியுமா என்று கேளுங்கள். அதுவே அளவுகோல்!