பயணம் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தவர்கள்

மாண்புமிகு ஒன்றியச் சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சர் கிரண் ரிஜிஜு அவர்களுக்கு,



2025 ஜனவரி 13 அன்று ஜித்தாவில் சவூதி ஹஜ் அமைச்சர் தவ்ஃபீக் அல் ரபீஆவுடன் தாங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டீர்கள். அந்த ஆண்டு இந்தியாவுக்கு 1,75,025 இடங்கள். அவற்றில் 1,22,518 இடங்கள் இந்திய ஹஜ் கமிட்டி வழியாகவும் 52,507 இடங்கள் தனியார் பயண நிறுவனங்கள் வழியாகவும் என்று பிரிக்கப்பட்டன. திருச்சியில் பாலக்கரை, பீமநகர் பக்கமெல்லாம் அந்தச் செய்தி நல்ல செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது. கமிட்டியின் குலுக்கலில் பெயர் விழாதவர்களும், வயதான பெற்றோரைக் கூடவே இருந்து கவனித்து அழைத்துப் போக விரும்பியவர்களும் அந்த இரண்டாவது எண்ணை நம்பிப் பணம் கட்டியிருந்தார்கள்.

ஏப்ரலில், நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், அந்த எண் சரிந்தது. ஹஜ் பயணிகள் தங்கும் மினாவில் கூடாரம் இல்லை, ஒப்பந்தங்கள் உரிய காலத்தில் முடிக்கப்படவில்லை, தனியார் வழிப் பயணம் நின்றுபோனது என்று சேதி வந்தது. கூக்குரல் எழுந்த பிறகு சவூதி அரசு தன் ஹஜ் இணையதளமான நுஸுக்கை 10,000 பேருக்கு மட்டும் மீண்டும் திறக்கச் சம்மதித்தது. மீதம் 42,507 பேர்.

அந்த ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். காஷ்மீர்த் தலைவர்கள் உமர் அப்துல்லாவும் மெஹபூபா முஃப்தியும் குரல் கொடுத்தார்கள். பணம் கட்டியவர்களோ முகவரின் கடை வாசலுக்கும் தொலைபேசிக்கும் இடையில் அலைந்தார்கள். தனித்தனியாகக் கேட்டது போதும் என்பதால்தான் இந்த மடல் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் எழுதப்படுகிறது. விதிகள் அனைத்தும் தங்கள் அமைச்சகத்துக்குத் தெரியும். ஒரு மனிதர் ஹஜ்ஜுக்கு எப்படித் தயாராகிறார் என்பது தெரியுமா என்பதில்தான் ஐயம்.

பெட்டி கட்டுவதெல்லாம் கடைசி வேலை. முதலில் கடன் தீர வேண்டும். மளிகைக் கடைப் பாக்கி, கைமாற்று, சீட்டுப் பணம், உடன்பிறந்தவர்களுக்குப் பாகத்தில் தர வேண்டியது, யாரோ என்றோ கொடுத்து வைத்த அமானிதம் எல்லாம் கணக்குப் பார்க்கப்படும். போகிற பணம் ஹலாலான பணமாக இருக்க வேண்டும் என்பதால், இருப்பதில் எது சந்தேகம் இல்லாதது என்று தேடித் தேடி ஒதுக்குவார்கள். வளைகுடாவில் மகன் சம்பாதித்து அனுப்பியது, பணி ஓய்வில் வந்தது, சொந்த நிலத்தில் கொஞ்சம் விற்றது. வஸிய்யத், அதாவது உயில், எழுதி வைப்பார்கள். திரும்பி வராமலும் போகலாம் என்று மனத்தைத் தயார்செய்துகொண்டுதான் கிளம்புகிறார்கள்.

அடுத்தது எல்லாவற்றையும்விடக் கடினம். மாஃப், அதாவது மன்னிப்பு, கேட்பது. பத்து வருடம் முகம் பார்க்காத பங்காளி வீட்டுப் படியேறி, ‘நான் ஏதாவது தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்குங்க’ என்று சொல்ல வேண்டும். வேலைக்கு வைத்திருந்த ஆளிடமும் கேட்க வேண்டும். தெரு முழுக்கப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் கண்ணீரோடு அணைத்துக்கொண்டு, ‘துஆவுல எங்களை மறந்துடாதீங்க’ என்று ஒரு பெயர்ப் பட்டியலையே கையில் திணிப்பார்கள். கல்யாணமாகாத பெண், வேலை கிடைக்காத பையன், படுக்கையில் கிடக்கும் அத்தா. அத்தனை பேரின் துஆவையும் சுமந்துகொண்டு அரஃபா மைதானத்தில் நிற்கப் போகிறவர் அவர்.

உடம்பையும் பழக்குவார்கள். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு நடை நடந்தால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். அதற்குமுன் கஅபாவைச் சுற்றிய ஏழு சுற்று. பிறகு மினா, அரஃபா, முஸ்தலிஃபா என்று வெயிலில் ஐந்தாறு நாள். முழங்கால் வலிக்காரர்கள் மாதக்கணக்கில் காலையில் எழுந்து நடக்கிறார்கள். சர்க்கரை மாத்திரைக்குச் சீட்டு வாங்கி, மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு, தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துணியை உடுத்தப் பழகி, பயிற்சி முகாமில் ஆலிம் சொல்லித்தரும் தல்பியா முழக்கத்தைப் பிழையில்லாமல் ஓதக் கற்றுக்கொள்கிறார்கள். அறுபது வயதுக்கு மேல் புதிதாக ஒன்றை மனப்பாடம் செய்வது எளிதல்ல.

இவ்வளவும் முடித்துத் தெரு முழுக்கப் பயணம் சொன்ன பிறகு, அதே தெருவில் அந்த மனிதர் மறுபடியும் காய்கறி வாங்கப் போகிறார். ‘இன்னும் கிளம்பலையா?’ என்று ஒவ்வொரு வாசலிலும் கேள்வி. என்ன பதில் சொல்வார்? முகவர் சொன்ன பதிலை அவர் சொல்லலாம். முகவரோ தன் மேலே இருந்த நிறுவனம் சொன்னதைச் சொன்னார். அந்த நிறுவனம் தான் இணைக்கப்பட்ட கூட்டுக் குழுவைக் கை காட்டியது. குழு யாரைக் கை காட்டியது என்பது தங்களுக்குத் தெரியும்.

அமைச்சர் அவர்களே, தங்கள் அமைச்சகம் அன்று ஒரு விளக்கம் தந்தது. சவூதி விதிகள் மாறியதால் 800-க்கும் மேற்பட்ட தனியார் நிறுவனங்களை 26 கூட்டுக் குழுக்களாக இணைத்தோம், இடங்களை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்தோம், பலமுறை நினைவூட்டினோம், அவர்கள்தாம் மினா கூடாரம், தங்குமிடம், போக்குவரத்து ஒப்பந்தங்களை முடிக்கவில்லை என்றது அந்த விளக்கம். அது முழு உண்மையாகவே இருக்கட்டும். அந்த 26 குழுக்களாக இணைத்தது யார்? பயணிகளா? திருச்சியில் பணம் கட்டியவருக்குத் தன் ஊர் முகவரைத் தெரியும். தன்னுடைய பெயர் எந்தக் குழுவின் கணக்கில் ஏறியது, அந்தக் குழு யாருடைய மேற்பார்வையில் இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்திருக்க வேண்டிய இடம் தில்லியில் இருக்கிறது.

மினா விரியாத நிலம். மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. முன்னே வந்து ஒப்பந்தம் போட்டவருக்கு இடம், பின்னே வந்தவருக்கு இல்லை. இது ஏப்ரலில் திடீரென்று தெரியவந்த சங்கதி அல்ல. நினைவூட்டல் அனுப்பியதாகச் சொல்கிறீர்கள். முதல் நினைவூட்டலுக்குப் பலன் இல்லை என்று தெரிந்தவுடன் பயணிகளுக்கு ஒரு வார்த்தை எச்சரிக்கை தர என்ன தடை? நாளிதழில் நான்கு வரி அறிவிப்பு வந்திருந்தால் 52,507 பயணிகளின் குடும்பங்களும் முகவர்களின் கழுத்தைப் பிடித்திருக்கும். அது நடக்கவில்லை. காகிதம் காகிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. மனிதர்கள் தல்பியா ஓதப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

யாத்திரைக்கு எப்படித் தயாராவது என்பதை எங்கள் ஊரிலேயே பார்க்கலாம். காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். வைகுண்ட ஏகாதசிக்கு அங்கே பல லட்சம் பேர் வருவார்கள். முகூர்த்தக்கால் நட்ட நாளிலிருந்தே காவல்துறை, மாநகராட்சி, போக்குவரத்துக் கழகம், கோயில் நிர்வாகம் எல்லாம் உட்கார்ந்து பேசத் தொடங்கிவிடும். பகல் பத்து, இராப் பத்து என்று ஒவ்வொரு நாளுக்கும் திட்டம் இருக்கும். சொர்க்கவாசல் திறக்கிற விடியலில், குடிநீர் ஒப்பந்தக்காரர் வரவில்லை, ஆகவே பக்தர்கள் வீடு திரும்பலாம் என்று எந்த அதிகாரியும் சொல்லமாட்டார். சொல்லவும் கூடாது. துலுக்க நாச்சியார் என்ற முஸ்லிம் பக்தைக்குச் சந்நிதி வைத்து, ரொட்டி நிவேதனம் செய்கிற கோயில் அது. ஊரே ஒருவர் யாத்திரையை இன்னொருவர் மதித்துப் பழகிய ஊர்.  யாத்திரிகரை வழியனுப்புவது ஆட்சியில் இருப்பவரின் கடமை என்பது இந்த ஊருக்குப் புதிய எண்ணம் அல்ல.

முறையான வழி அடைபட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்த கதைதான். 2024 ஹஜ்ஜில் வெப்பம் 51 பாகையைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசே அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதி இல்லாமல் வந்தவர்கள். குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் இல்லாமல் வெயிலில் நடந்தவர்கள். அதற்கு அடுத்த ஆண்டே 42,507 பேரின் முறையான வழியை மூடிவிட்டு, அது ஒப்பந்தக்காரர்களின் தவறு என்று கைகழுவ ஓர் அரசால் எப்படி முடிகிறது?

2022 ஹஜ்ஜுக்கான புறப்பாட்டு இடங்களின் பட்டியலில் சென்னை இல்லை. தமிழகத்து ஹாஜிகள் கொச்சி வழியே போனார்கள். பிறகு சென்னை மீண்டும் சேர்க்கப்பட்டது. திருச்சியில் 2024 ஜனவரியில் பிரதமரே புதிய விமான முனையத்தைத் திறந்து வைத்தார். அந்த முனையம் இருக்கும் ஊர்க்காரர்கள் ஹஜ்ஜுக்கு இன்றும் சென்னைக்குத்தான் போகிறார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் போய்க்கொள்ளலாம். ஆனால் நிய்யத் வைத்து, கடன் தீர்த்து, ஊரிடம் மாஃப் கேட்டுவிட்ட மனிதரை வாசலில் நிறுத்துவது வேறு.

அமைச்சரே, பணம் திரும்பி வந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்காதீர்கள். எழுபது வயதில் இருப்பவருக்கு அடுத்த ஆண்டு என்பது உறுதி இல்லை. அவர் போகாமலே கண்மூடினால், பிள்ளைகள் பதலி ஹஜ்ஜுக்கு ஆள் தேட வேண்டும். அரஃபாவில் தானே நின்று கேட்க நினைத்ததை அவருக்காக வேறொருவர் கேட்பார். இதற்கு இழப்பீடு எந்தக் கோப்பில் எழுதுவீர்கள்?

2025 நவம்பரில் மறுபடி ஜித்தாவுக்குப் போய் 2026-க்கும் அதே 1,75,025 இடங்களுக்குக் கையெழுத்திட்டீர்கள். அந்த எண்ணுக்குள், பயணம் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தவர்கள் முதலில் நிற்க வேண்டும். அறுபத்தைந்து தாண்டியவர்கள் அவர்களுக்கும் முன்னால் நிற்க வேண்டும். 26 குழுக்களில் எது எத்தனை பேரைக் கைவிட்டது, எந்த நாளில் அது உங்களுக்குத் தெரிந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள், யாருடைய பணம் இன்னும் திரும்பவில்லை என்று குழு வாரியாகச் சொல்லுங்கள். இனி ஒவ்வொரு பயணியின் கையிலும், மினாவில் அவருக்கு இடம் உறுதியான நாளைக் காட்டும் ஒரு சீட்டு இருக்கட்டும். அது கிடைக்கும் வரை அவர் ஊருக்குப் பயணம் சொல்லாமல் காத்திருப்பார்.

பதிலைத் தமிழில் அனுப்புங்கள். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல்களில் எழுந்து வாசிக்க ஆள் இருக்கிறது. கேட்க வேண்டியவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

திருச்சிராப்பள்ளி