ஊர் ஒழிந்தால் மொழி ஏது?



சிற்றூரை விட்டவன் உருப்பட்டான் என்று பேசுவதே இன்று அறிவுடைமையாகி விட்டது. உருப்பட்டவன் கணக்கைச் சொல்வோர், அவன் விட்டுச் சென்ற ஊரின் கணக்கைச் சொல்வதில்லை. அதனை ஈண்டுச் சொல்லுவோம்.

ஆண்டு முழுதும் நீரோடும் பேராறு எம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இல்லை. எனவே, முன்னோர் மழைநீரைத் தேக்கக் கண்மாய்களையும் ஏந்தல்களையும் ஊரணிகளையும் ஆயிரக்கணக்கில் அமைத்தனர். குமிழி அமைத்தோர் பெயரைக் கல்லில் பொறித்தனர். ஆனால், கண்மாயின் உயிர் கரையில் இல்லை; ஆண்டுதோறும் தூர்வார ஒன்றுகூடும் கைகளில் உள்ளது. அக் கைகள் இன்று திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளிலும் சென்னைக் கட்டடங்களிலும் சிங்கப்பூரிலும் உழைக்கின்றன. வரத்துவாரி தூர்ந்தது, உள்வாயில் சீமைக் கருவேல் மண்டியது, உழவு நின்றது, எஞ்சியிருந்தவனும் வண்டி ஏறினான்.

2011 கணக்கெடுப்பின்படி இம் மாவட்டத்தில் 1000 ஆடவர்க்கு 1015 பெண்டிர். தமிழ்நாடு முழுமைக்குமோ 996. இதற்குக் கரணியம் ஒன்றன்று. எனினும் ஆடவர் வெளியேற்றமும் அவற்றுள் ஒன்றென்பது ஊரறிந்தது. வயலையும் வீட்டையும் முதியோரையும் பெண்டிரே சுமக்கின்றனர்.

போனவனைப் பழிக்கலாமா? கூடாது! காப்புக் காடுகளில் தாள் ஆலைகளுக்காகத் தைலமரத்தை நட்டு, இடையே வரப்புயர்த்திக் கண்மாய்க்கு வரும் நீரை மறித்தது யார் என்று உழவர் கேட்கின்றனர். 2018 நவம்பர் 16-இல் கசாப் புயல் ஓர் இரவில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. நட்ட கன்று காய்க்க ஆண்டுகள் பல ஆகும். கடன் அதுவரை காத்திருக்குமா? பசித்தவன் போனான். அவனைப் போகவிட்ட ஆட்சியே குற்றவாளி!

பிள்ளைகள் இல்லையென்று 2019-இல் தமிழ்நாட்டில் 46 தொடக்கப் பள்ளிகள் நூலகங்களாக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று எம் மாவட்டத்துக் குளத்தூர்ப் பள்ளி. ஊரார் பிள்ளைகளைச் சேர்க்க முன்வந்தனர். சில நாள்களிலேயே அது மீண்டும் பள்ளியாயிற்று. ஊர் நினைத்தால் மீளும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மொழிக்காவலர்களே, உங்களுக்கும் ஒரு சொல்! மடைகாத்த முதியவர் ஒருவரின் பெயரனிடம் கலிங்கு என்றால் என்னவென்று வகுப்பில் கேட்டேன். விழித்தான். அவன் தந்தை நகரில். கண்மாயோ வறண்டு கிடக்கிறது. சொல்லை அவன் எங்கே கற்பான்? கலிங்கு, குமிழி, வாரி, உள்வாய் ஆகியவை அகரமுதலியில் பிறந்த சொற்களல்ல, சேற்றில் பிறந்தவை. உழைப்பு ஒழிந்த இடத்தில் சொல்லும் ஒழியும். நகர மேடையில் தூய தமிழ் முழங்கி, அதன் ஊற்றுக்கண்ணைத் தூரவிடுதல் பற்றா, பகட்டா?

அரசே! 2021 பிப்பிரவரியில் இம் மாவட்டக் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டிய காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக் கால்வாயை முடித்துத் தருக! வரத்துவாரிகளை மீட்டுத் தருக! சிற்றூர்ப் பள்ளியைப் பூட்டாதே!

வெளியூர் வாழ் இளைஞனே! பொங்கலுக்கு வந்து படம் பிடித்துத் திரும்புவதோடு உன் கடன் தீராது. ஆண்டுக்கு ஒரு நாள் மண்வெட்டியோடு கண்மாய்க்குள் இறங்கு. உன் பிள்ளையையும் உடன் இறக்கு. அவன் மண்ணையும் அறிவான், சொல்லையும் அறிவான்.

ஊரைக் காப்போம், மொழி தானே வாழும்!