மருத்துவர்க்குச் செய்யும் சிறப்பு

போரில் வென்று மீளும் வீரனை ஊர் கூடி வரவேற்கும். ஆடுகளத்தில் வாகை சூடியவனுக்கு மாலைகள் குவியும். நோயாளியின் படுக்கையருகே நின்று போராடும் மருத்துவரின் வெற்றியோ ஆரவாரமின்றி நிகழ்வது. அவருக்கு மக்கள் செய்யத்தக்க சிறப்பு யாது?

புற்றுநோய் என்ற பெயரைக் கேட்ட அளவிலேயே நெஞ்சம் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. 1923ஆம் ஆண்டில் தம் தங்கை அந்நோயால் துன்புற்று மாண்டதைக் கண்டார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றவர். ஆயினும், உடன்பிறந்தாளைக் காக்க அக்கல்வி போதவில்லை. அத்துயரம் அவர் உள்ளத்தில் உறுதியாக முதிர்ந்தது. நெடுநாள் முயற்சிக்குப் பின், 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அன்று அங்கே இருந்தவை 12 படுக்கைகளே.

அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அம்மருத்துவமனையை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். 1955இல் டாக்டர் வி. சாந்தா அவருடன் இணைந்தார். வேறிடத்தில் வசதியாக வாழ்ந்திருக்கக்கூடிய அவர், 2021இல் மறையும் வரை அம்மருத்துவமனைக்கே தம் வாழ்வை அளித்தார். ஏழை என்பதற்காக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பதே அவர்தம் கொள்கை. 2005இல் மகசேசே விருதும், 2016இல் பத்ம விபூஷண் விருதும் அவரை அடைந்தன.

விருதுகள் வேண்டுவனவே. ஆயினும், இத்தகைய மருத்துவர் நாட்டுக்கு அளித்த கொடை நம்பிக்கை ஆகும். அதனை உணராமல் மாலை சூட்டுவதால் பயன் இல்லை.

நம்பிக்கை என்பது இனிய பொய் அன்று. நோயின் தன்மையை உள்ளவாறு கூறி, செய்யத்தக்கதை விளக்கி, இறுதிவரை கைவிடாதிருத்தலே மருத்துவர் தரும் நம்பிக்கை. அதன் வேர் அறிவில் உள்ளது. 1950ஆம் ஆண்டுகளில் குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் சாவிலேயே முடிந்தது. பல மருந்துகளை முறையாகச் சேர்த்து அளிக்கும் வழியை ஆய்வாளர் கண்டனர். இன்று உரிய மருத்துவம் பெறும் குழந்தைகளுள் மிகப் பலர் பிழைக்கின்றனர்.

பிழைக்க இயலாதவர்க்கு நம்பிக்கை எதற்கு என்று சிலர் வினவுவர். வலி தணிந்து ஓர் இரவு உறங்குவதும், மனைவி மக்களுடன் அமைதியாகச் சில நாள் பேசியிருப்பதும் அவர்க்குப் பெரும்பேறு அல்லவா? நோயாளியின் உடலை வருத்தும் நோய், அவர்தம் குடும்பத்தாரின் உள்ளத்தையும் வருத்துகிறது. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், நோயாளியின் அருகிருந்து பேணுபவரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணுகிறது. ஆதலின், அவர்களைத் தேற்றுவதும் மருத்துவரின் கடமையே.

இத்துணைப் பணிக்கும் தடையாய் நிற்பவை அச்சமும் நாணமும் ஆகும். மார்பில் தோன்றிய கட்டியையும், வாயில் ஆறாத புண்ணையும் மறைத்து வைத்து, நோய் முற்றிய பின் வருவோர் இன்றும் உளர். தொடக்கத்தில் கண்டால் நீக்கத்தக்க நோய், காலம் கடந்தபின் மருத்துவரின் கைக்கு அடங்குவதில்லை. நோயாளியைத் தொட்டால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி ஒதுங்குவோரும் உளர். அவ்வச்சத்திற்கு அடிப்படை இல்லை.

மாணவர் தம் இல்லத்தில் இவ்வுண்மைகளை எடுத்துரைக்கலாம். புகையிலையைத் தீண்டாது வாழலாம். நோயுற்ற அண்டை வீட்டாரிடம் சென்று அன்புடன் உரையாடலாம். உரிய வயது வந்தபின் குருதிக் கொடை அளிக்கலாம். அஞ்சி மறைத்திருந்த ஒரு தாய், மகனோ மகளோ சொன்ன சொல் கேட்டு உரிய காலத்தில் மருத்துவமனைக்குச் செல்வாளாயின், மருத்துவர்க்கு அதனினும் உயர்ந்த சிறப்பு வேறில்லை.