வீட்டை யார் கையில் கொடுப்பது?

நமது சங்கக் குடும்பங்களில் பெரும்பாலோர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் டோம்பிவிலி, முலுண்ட், செம்பூர் பக்கங்களில் கடன்பட்டு ஃபிளாட் வாங்கியவர்கள். அந்த வீடுகளுக்கெல்லாம் இப்போது முப்பது, முப்பத்தைந்து வயதாகிவிட்டது. தரையில் மொசைக், சமையலறையில் கடப்பாக்கல் மேடை, குளியலறையில் இடுப்புயரத்துக்கு வெள்ளை ஓடு. பிள்ளைகள் புனேயிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு, “அப்பா, நல்ல இன்டீரியர் டிசைனராகப் பார்த்து வீட்டைக் கொடுத்துவிடுங்கள்” என்று டெலிபோனில் சொல்கிறார்கள். போகிற பணமோ பெரும்பாலும் பி.எஃப்., கிராஜுவிட்டிப் பணம். ஒரு முறை போனால் மறு முறை வராத பணம். எனவே இதைப் பற்றி நாலு வார்த்தை எழுதலாம் என்று நினைத்தேன்.

நான் டிசைனர் அல்ல. சிவிலில் டிப்ளமா முடித்து 1981ல் மத்திய ரயில்வேயில் சேர்ந்து, இன்ஸ்பெக்டர் ஆஃப் ஒர்க்ஸ் என்றும் பிறகு செக்ஷன் எஞ்சினியர் என்றும் பெயர் மாறி மாறி, 2018ல் ஓய்வு பெற்றவன். இகத்புரியிலும் கல்யாணிலும் குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகினால் திட்டு வாங்கியவன். கான்ட்ராக்டர்களோடு முப்பத்தேழு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

டிசைனரைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் சொசைட்டி செக்ரட்டரியைப் பாருங்கள். மும்பையில் முப்பது வருஷம் கடந்த கட்டடத்துக்கு ஸ்ட்ரக்சுரல் ஆடிட் சட்டப்படி அவசியம். அந்த ரிப்போர்ட் என்ன சொல்கிறது, ரீடெவலப்மென்ட் பேச்சு எந்த அளவில் இருக்கிறது என்று தெரியாமல் பன்னிரண்டு லட்சத்தை உள்ளே போடுவது, இடிக்கப் போகிற வீட்டுக்கு வெள்ளையடிப்பது போலத்தான். பில்டர் புது ஃபிளாட் கொடுக்கும்போது நீங்கள் போட்ட இத்தாலியன் மார்பிளுக்கு ஒரு சதுர அடிகூட அதிகம் தரமாட்டார்.

சரி, கட்டடம் இன்னும் பதினைந்து வருஷம் நிற்கும், வேலை செய்யலாம் என்று முடிவாகிவிட்டது. யாரிடம் போவது? ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஆர்க்கிடெக்ட்’ என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்திருக்க வேண்டும். ‘இன்டீரியர் டிசைனர்’ என்று போட்டுக்கொள்ள அப்படி ஒரு சட்டமும் இல்லை. ஐந்து வருஷம் படித்தவரும் டிசைனர்தான், ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவரும் டிசைனர்தான், நேற்றுவரை லாமினேட் விற்றவரும் டிசைனர்தான். இதில் மூன்றாமவர் சில சமயம் முதலாமவரைவிட நன்றாகச் செய்வார் என்பதும் உண்மை. ஆகவே விசிட்டிங் கார்டு நமக்கு உதவாது.

ஆல்பமும் உதவாது. இப்போது ஆல்பம் என்றால் கம்ப்யூட்டர் படம். பத்துக்குப் பத்து அறையைப் பதினைந்துக்குப் பதினைந்து போலக் காட்டுகிற வித்தை அதில் இருக்கிறது. நான் கேட்பது அளவு போட்ட பிளான். பத்தடி நீள அறையில் ஆறரை அடிக் கட்டில், அதன் கால்மாட்டில் இரண்டடி ஆழ அலமாரி என்றால் மிச்சம் ஒன்றரை அடி. ஒன்றரை அடி அகலக் கதவை முழுதும் திறக்க வேண்டுமானால் நாம் கட்டிலின் மேல் ஏறி உட்கார வேண்டும். படத்தில் இது தெரியாது. பிளானில் ஸ்கேல் வைத்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பிரிட்ஜ் கதவையும் அலமாரிக் கதவையும் திறந்த நிலையில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற டிசைனரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

அவர் முடித்த வீட்டைக் காட்டச் சொல்வதும் எல்லோரும் செய்வதுதான். ஆனால் போன மாதம் முடித்த வீட்டைக் காட்டுவார்கள். புது மணப்பெண் எல்லோரும் அழகுதான். மூன்று மழைக்காலம் பார்த்த வீட்டைக் கேளுங்கள். அங்கே போய் ஹாலைப் பார்க்காதீர்கள். சமையலறை ஸிங்க்குக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து பலகையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அந்தத் தரத்துக்குப் பரிசோதனையே 72 மணி நேரம் கொதிநீரில் வேகவைப்பதுதான். பார்ட்டிகிள் போர்டு போட்டு மேலே பளபளவென்று லாமினேட் ஒட்டியிருந்தால், ஊறிப்போன ரஸ்க் மாதிரி உப்பியிருக்கும். முத்திரையும் போலியாக வருகிற காலம் இது. ஒரு துண்டை வாங்கிவந்து பழைய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்துப் பார்ப்பது நல்லது. வீட்டில் அம்மணி பாத்திரம் தருவார்களா என்பது வேறு விஷயம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சிலருக்கு இது கசக்கலாம்.

‘நம்ம ஆள்’ என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் வேலையைக் கொடுக்காதீர்கள். வெளியூரில் வந்து வாழ்கிற நமக்கு இது ஒரு பழக்கம். டாக்டர் தமிழராக இருக்க வேண்டும், வாத்தியார் தமிழராக இருக்க வேண்டும், மளிகைக்கடை தமிழருடையதாக இருக்க வேண்டும். தவறில்லை, வந்த புதிதில் நம்மைத் தாங்கியது இந்தப் பழக்கம்தான். ஆனால் பத்து லட்ச ரூபாய் வேலையில் அது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு நண்பர், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தமிழ் அன்பரின் மகன் டிசைனராக இருக்கிறான் என்று பதினோரு லட்ச ரூபாய் வேலையை அவனிடம் கொடுத்தார். (யாரென்று தேட வேண்டாம்; நம் பேட்டைக்காரர்களும் அல்ல.) ஒப்பந்தம் எழுதிக்கொள்ளச் சொன்னேன். “நம்ம பையன் அண்ணா, எழுத்தில் கேட்டால் அவங்க அப்பா என்ன நினைப்பார்?” என்றார். இரண்டு மாதத்தில் ஏழு லட்சம் கைமாறியது. ஐந்தாவது மாதம் வேலை நின்றது. சமையலறை பாதி, குளியலறை பாதி. அவரும் மனைவியும் அடுத்த மாடியில் குளிக்கப் போனார்கள்.

பையன் மோசக்காரன் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே சமயத்தில் மூன்று வேலை எடுத்து, இந்த வீட்டு அட்வான்ஸில் அந்த வீட்டுக் கூலியைக் கொடுத்து, மூன்றும் சேர்ந்து மூழ்கிவிட்டது. அந்நியனாக இருந்திருந்தால் நண்பர் இரண்டாவது மாதமே கணக்குக் கேட்டிருப்பார். இவனிடம் கேட்க வாய் வரவில்லை. எழுத்தும் இல்லை, ரசீதும் இல்லை, ஜி.எஸ்.டி. பதினெட்டு சதவீதம் மிச்சம் என்று இருவரும் சேர்ந்து பில்லைத் தவிர்த்திருந்தார்கள். கடைசியில் பணம் போனதைவிடப் பெரிய நஷ்டம், இருபத்தைந்து வருஷப் பழக்கம் போனது. அந்த அப்பா முன்வரிசையில் உட்காருவார் என்று நண்பர் பொங்கல் விழாவுக்கே போவதில்லை.

தமிழருக்குக் கொடுக்கக் கூடாது என்பதல்ல என் கட்சி. தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அந்நியனுக்கு எழுதுவதைவிட இரண்டு பக்கம் அதிகமாக எழுதுங்கள். பழக்கத்தைக் காப்பாற்றுவது அந்தக் காகிதம்தான்.

ரயில்வேயில் எங்களுக்கு மெஷர்மென்ட் புக் என்று ஒன்று உண்டு. சைட்டில் வேலை நடக்கும். நாங்கள் டேப் பிடித்து அளந்து அதில் எழுதுவோம். அளந்த வேலைக்கு மட்டும் பில். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதி செக்யூரிட்டி டெபாசிட்டாகப் பிடித்துவைக்கப்படும். வேலை முடிந்து குறிப்பிட்ட காலம் பழுதில்லாமல் இருந்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். இதை வீட்டுக்கும் செய்யலாம். பொருள் வீட்டில் வந்து இறங்க இறங்கப் பணம், வேலை முடிய முடியப் பணம், நூற்றுக்குப் பத்து ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு. ஆனால் ரயில்வேயின் இன்னொரு வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது: குறைந்த ரேட் போட்டவருக்கே வேலை என்பது. தண்டவாளத்துக்கு ஜல்லி கொட்டுவதற்கு அது சரி. யோசனை சொல்கிறவரை ரேட்டை வைத்து எடைபோட முடியாது.

டிசைனருக்குச் சம்பளம் எப்படி என்பதும் முக்கியம். மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்றால், செலவு ஏற ஏற அவர் வரும்படியும் ஏறும். சிக்கனம் சொல்ல அவருக்கு ஏன் மனம் வரும்? ‘எனக்கு ஃபீஸே வேண்டாம், வேலையை மட்டும் கொடுங்கள்’ என்கிறவர் இன்னும் ஆபத்து. ஃபீஸ் டைல்ஸ் கடையிலும் பிளைவுட் கடையிலும் கமிஷனாக வரும்; கொடுப்பது நாம்தான், நமக்குத் தெரியாமல் கொடுப்போம். பிளானுக்கும் மேற்பார்வைக்கும் ஒரு தொகை பேசி முடித்துவிட்டு, தச்சு வேலையும் கொத்து வேலையும் தனியாகப் பேசுவதே என் அபிப்பிராயம். எல்லாம் ஒருவரே பார்த்துக்கொள்ளும் டர்ன்கீ முறையில் அலைச்சல் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலை செய்கிறவரும் அதைச் சரிபார்க்கிறவரும் ஒரே ஆள் என்றால் அது என்ன சரிபார்ப்பு?

எங்கள் வீட்டுக்கு 2022ல் மூன்று பேரை வரவழைத்தோம். ஒருவர் வந்ததும் செல்போனைத் திறந்து படம் காட்டினார். அரை மணி நேரத்தில் எங்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்னொருவர் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சுவரைத் தட்டிப் பார்த்து, “இதை எடுத்துவிட்டால் ஓபன் கிச்சன்” என்றார். மேலே போகிற பீமை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 2017 ஜூலையில் காட்கோபரில் நான்கு மாடிக் கட்டடம் சரிந்து 17 பேர் இறந்தது நினைவிருக்கலாம். தரைத்தளத்தில் நடந்த மாற்ற வேலையில் தூண்களில் கைவைத்ததாகத்தான் குற்றச்சாட்டு எழுந்தது. அப்படியிருக்க, தட்டிப் பார்த்துச் சுவரை எடுக்கிற தைரியம் எங்கிருந்து வருகிறதோ! பழைய மொசைக் மேலேயே இரண்டங்குலக் கலவை போட்டு டைல்ஸ் ஒட்டலாம் என்றும் அவரே சொன்னார். இரண்டங்குலக் கலவை சதுர மீட்டருக்குச் சுமார் நூறு கிலோ. குடியிருப்பு அறையில் ஆட்களுக்கும் சாமான்களுக்குமாக ஐ.எஸ். 875 வைத்திருக்கிற கணக்கே இருநூறு கிலோதான். பாதியைத் தரையே தின்றுவிட்டால் மனிதர்கள் எங்கே நிற்பது?

மூன்றாவதாக வந்தது ஒரு மராட்டியப் பெண், முப்பது வயதிருக்கும். படம் எதுவும் காட்டவில்லை. “காகா, காலையில் முதலில் எழுந்திருப்பது யார்?” என்று கேட்டாள். என் சகதர்மிணியிடம் கிரைண்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள், எடுத்துக் காட்டுங்கள் என்றாள். மாவோடு கிரைண்டரைத் தூக்க வேண்டிய அவசியமில்லாமல் முட்டியளவில் ஒரு பலகை, பக்கத்தில் பிளக், கழுவிய தண்ணீர் போக வழி. இதெல்லாம் அவள் வீட்டில் இல்லாத விஷயங்கள், கேட்டுத் தெரிந்துகொண்டாள். நவராத்திரிக்கு ஏழு படி கொலு வைப்போம் என்றதும் டி.வி. அலமாரியைச் சுவரோடு பதிக்காமல் நகர்த்தும்படி செய்துவிட்டாள். ஊரிலிருந்து ஆறு பேர் வந்தால் ஹாலில் பாய் விரிக்க இடம் வேண்டும் என்பதையும் எழுதிக்கொண்டாள். நம்ம ஆள் ஒருவர் இதையெல்லாம் ‘தெரிந்த விஷயம்தானே’ என்று கேட்காமலே விட்டிருப்பார் என்பது என் சந்தேகம்.

அவளிடமும் குறை உண்டு. பத்து மணி என்றால் பதினொன்றரை. ஹால் சுவருக்கு அவள் தேர்ந்தெடுத்த சாம்பல் நிறத்தை என் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆனால் குளியலறையில் அவள் செய்ததற்காக மற்றதையெல்லாம் மறந்துவிடலாம். எங்கள் பழைய குளியலறைக் கதவு இரண்டேகால் அடி. சட்டம் போக இருபத்து நாலு அங்குலம் வழி இருந்தால் அதிகம். சாதாரணச் சக்கர நாற்காலியே சுமார் இருபத்தாறு அங்குல அகலம். “இன்றைக்கு வேண்டாம் காகா, என்றைக்காவது வேண்டும்” என்று சொல்லிக் கதவை அகலப்படுத்தினாள். வாசல்படியைச் சரித்து மட்டமாக்கினாள். வழுக்காத டைல்ஸ், கமோடுக்குப் பக்கத்தில் சுவரில் திருகிய ஸ்டீல் கைப்பிடி. கீஸருக்குத் தனியாக நாலு சதுர மில்லிமீட்டர் ஒயர், முப்பது மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. நம்மில் பலர் ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு, எழுபது வயதில் விழப்போகிற இடத்தை ஏழாயிரம் ரூபாயில் முடித்துவிடுகிறோம். டிசைனரிடம் முதல் நாளே குளியலறையைப் பற்றிக் கேளுங்கள். அவர் டைல்ஸ் நிறத்தைப் பற்றிப் பேசினால் ஒன்று, கைப்பிடியைப் பற்றிப் பேசினால் ஒன்று.

வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும், டைல்ஸ் ஒட்டும் முன், வழியை அடைத்துத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடுங்கள். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி அவர்கள் கூரையைப் போய்ப் பாருங்கள். இதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளலாம். எங்கள் ஒப்பந்தம் நாலு பக்கம், ஆங்கிலத்தில். ஞாயிறு காலைகளில் சங்க நூலகத்தில் இருப்பேன். வேண்டியவர்கள் வந்து வாங்கிப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஜெராக்ஸ் செலவு அவரவர் பொறுப்பு.